டர்போவுக்குள் ஒரு புறா

– கால எடு ரெஜி. எடுன்றேன் இல்ல. வசீமு, பெட்ரோல் சுவிட்ச்ச அமுக்கு, ஜல்தி. எண்ணெ பைப்பு பிச்சிக்கினு கீது, அடியில பொகை வருது.

– அமுக்கிட்டேன் யக்கா. நீ முன்னாடி நிக்காத, இப்டி வா. டர்போ இன்னும் செவப்பா கீது, அதும் மேலதான் சொட்டுது. அந்த மண்ணு வாளிய தள்ளு.

– இந்தா புடி. ரெஜி, இன்னா சிலை மாதிரி குந்திகினு கீற? பெல்ட்ட அவுத்துட்டு எறங்கு.

– இறங்கறேன், இறங்கறேன். பதறாதே செங்கொடி. ஒரு பைப்புதானே? வண்டியை ரோலர் மேல கட்டிப் போட்டிருக்கு. சக்கரம் சுத்தும், வண்டி எங்கேயும் ஓடாது.

– கட்டிப் போட்டதாலதான் நீ பேசிகினு கீற. நாளைக்கு ரேஸ்ல, முழு வேகத்துல, இதே எண்ணெ டயருல வுழுந்தா?

– அதுக்குத்தானே இன்னிக்கே ஓட்டிப் பாக்கறோம். வசீம், என்ன இது? கிளாம்ப்பைச் சரியா முறுக்கலையா?

– முறுக்கினதுதான் ரெஜிண்ணா. கிளாம்ப்பே வாயப் பொளந்துகினு கீது பாரு. அதிர்வு தாங்கல. வேற போட்டுக்கலாம், அது மேட்டரே இல்ல. அதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வந்திச்சே. யக்கா, கேட்டியா?

– கேட்டேன்.

– மறுபடியும் புறா.

– கேட்டேன்னு சொல்றேன் இல்ல நைனா.

– புறாவா? என்ன பேசறீங்க ரெண்டு பேரும்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.

– உள்ள குந்திகினு கீற ஆளுக்குக் கேக்காது ரெஜிண்ணா. டர்போ இன்னா பண்ணுது? இன்ஜின் வுடற பொகை ஒரு விசிறிய சுத்துது. அது அந்தாண்ட இன்னொரு விசிறிய சுத்தி, காத்த அமுக்கி இன்ஜினுக்கே ஊட்டுது. நீ கால எடுத்தா இன்ஜினோட வாசக் கதவு மூடிக்கும். வந்துகினு கீற காத்து போறதுக்கு எடமில்லாம திரும்பி வந்து விசிறியிலயே மோதும். படபடபடன்னு. மாடில புறாக் கூண்ட தொறந்தா ரெக்கை அடிச்சிக்கும் பாரு, அதே சத்தம். நம்ம சைடுல அதுக்குப் பேரு புறா.

– அந்தக் காத்தை வெளியே விடத்தானே வால்வு மாட்டினே?

– மாட்டிகீறேன். அப்டியும் அடிக்குது. அதான் எனக்கே பேஜாரா கீது.

– அப்போ இந்த இன்ஜினுக்கும் இந்த டர்போவுக்கும் பொருத்தமே இல்லைன்னு அர்த்தம். தப்பா நினைக்காதே வசீம். வல்லரசு வண்டிக்கும் நீதான் பொருத்தம் பாத்தே.

– ரெஜி, அந்தப் பேச்ச எடுக்காத.

– நான் எடுக்கலைன்னா யாரு எடுக்கறது செங்கொடி? உன் புருஷன் போனதே இவன் போட்ட டர்போவால. ஊர்ல வேற ஆளே இல்லையான்னு அன்னிக்கே கேட்டேன். நீ கேக்கலை.

– வேற ஆளு கீறான். பொட்டியப் பிரிச்சி, உள்ள இருக்கறத எடுத்து மாட்டிட்டு டீ குடிக்கப் போறவன் தெருவுக்கு ஒருத்தன் கீறான். இன்ஜினையும் டர்போவையும் ஓட்டறவனையும் ஒண்ணா வெச்சிப் பொருத்தம் பாக்கறவன் இவன் மட்டும்தான். நாளைக்கு நீ முழுசா திரும்பி வரணும் ரெஜி. இன்னொரு ஆளப் பறிகொடுக்க என்னால ஆவாது. அதுக்காகத்தான் ரமாபாய் அத்தை வாயில வுழுந்து எழுந்து இவன இட்டாந்து கீறேன்.

– உன் மாமியாருக்கு இவன் மேல கோவம் இன்னும் தீரலையா?

– இவன் பேர எடுத்தா சோத்துத் தட்ட தள்ளி வெச்சிட்டு எழுந்து பூடுது. ஒரே புள்ளைய வாரிக் குடுத்தது. அத குத்தம் சொல்லவும் முடியாது.

– சரி, விடு. அடுத்த வாரம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல உன் பக்கத்துல நிக்கப் போறவன் நான். எனக்கு மட்டும் உசிரு மேல ஆசை இல்லையா? இது கடைசி ரேஸ். முடிச்சிட்டு வண்டியை வித்துடலாம்னு நானே சொல்லிட்டேன். இப்போ என்ன செய்யணும் சொல்லு.

– டோல்கேட்டாண்ட போயி கிளாம்ப்பு வாங்கியா. தகடு வாணாம், போல்ட்டு வெச்சது. அப்டியே டீ.

– ஹார்பர் கேட் வரைக்கும் கன்டெய்னர் லாரி நிக்குது. போய்த் திரும்ப லேட்டாகும்.

– ஆவட்டும். எதுக்கும் அவசரப்படாத. நீ வர்ற வரிக்கும் இவன் அடியில தொடைச்சி வெப்பான்.

– பூட்டாரா?

– பூட்டான். இன்னா, மூஞ்சி அப்டி தொங்கிப்போச்சி? அவன் சொன்னத மனசுல வெச்சிக்காத வசீமு.

– அவரு சொன்னா இன்னா, ஊரே சொன்னதுதான. யக்கா, நான் ஒண்ணு சொன்னா செருப்பால அடிக்க மாட்டியே?

– மொதல்ல சொல்லு. அடிக்கறத அப்பால பாத்துக்கலாம்.

– இந்த வேலை வாணாம். நான் பொட்டிய கட்டிகினு வண்ணாரப்பேட்டைக்கே பூட்றேன்.

– இன்னாடா பேச்சு இது?

– இன்னா பண்ணாலும் அடங்கமாட்டேன்னுது யக்கா. மொதல்ல சின்ன வூடு போட்டேன். அது சீக்கிரமே முழிச்சிக்கற ஜாதி, கால வெச்சதும் இஸ்க்கும், மேல போனா மூச்சு முட்டும். சரின்னு பெரிய வூடு போட்டேன். அது கீழ தூங்கும், மேல போனா பேய் மாதிரி இஸ்க்கும். ரெண்டுலயும் புறா. நடுவாந்தரமா ஒண்ணு தேடிப் புடிச்சி போட்டேன். அதுலயும் புறா.

– சின்ன வூடு பெரிய வூடுன்னு ரோட்ல நின்னு கத்தாத. லுப்னா காதுல வுழுந்தா உனக்கு இருக்கற வூடும் போயிடும்.

– அட, அதுக்குத் தெரியும் யக்கா. டர்போவச் சுத்தி நத்தை ஓடு மாதிரி வருதே, நான் அதத்தான் வூடுன்றேன்னு. கல்யாணம் ஆன புதுசுல ஒரு தபா தப்பா புரிஞ்சிகினு அம்மா வூட்டுக்கே பூட்ச்சி. அது வேற கதை. நான் சிரிக்கறதுக்குச் சொல்லல. சத்தியமா எனக்கு பயமா கீது.

– எதுக்கு பயம்?

– நேத்து நீ குந்தி ஓட்டின. புறா வந்திச்சா?

– இல்ல.

– அப்பால நான் ஓட்டினேன். வந்திச்சா?

– இல்ல.

– அதே இன்ஜினு, அதே டர்போ, அதே ரோலரு. ரெஜிண்ணா குந்தினா மட்டும் வருது. இங்க கீற நம்ம ரெண்டு பேரையும் வுட்டுட்டு அவரு மேல மட்டும் யாருக்கு யக்கா கோவம் இருக்கும்?

– வாய மூடு.

– மூடிக்கறேன். ஆனா நீயே யோசி. தோஸ்து தோஸ்துன்னு கூடவே திரிஞ்ச ஆளு, அவன் பொஞ்சாதிய கட்டிக்கப் போறாரு. அவன் ஓட்டின ரேஸ்ல, அவன் நெம்பர் போட்ட வண்டியில போறாரு. ரூஹுன்னு ஒண்ணு கீது யக்கா, செத்தவன் ஆவி. அது வல்லரசு மாதிரி ரோஷக்காரனோட ரூஹா இருந்தா சும்மா இருக்குமா?

– எங்க வூட்ல பேய் பிசாசு பேச்சே கெடையாது. அத்தை கேட்டா, புத்தர் படத்துக்கு முன்னாடி குந்தவெச்சி காலைல இருந்து சாயங்காலம் வரிக்கும் பாடம் எடுக்கும்.

– உனக்கு பயமில்ல?

– இல்லன்னு சொன்னா பொய்யி. கெட்ட சொப்பனம் கண்டு எழுந்தா பக்கத்துல அந்தப் புறா சத்தம்தான் கேக்குது. இன்னிக்கு நேத்து இல்ல. வல்லரசு போனதுல இருந்து.

– வல்லரசு போனதுல இருந்தா? அவன் வண்டியில புறா அடிச்சதே இல்லியே யக்கா.

– இன்னா சொன்ன?

– அவன் வண்டியில புறா அடிக்காது. அடிக்கவே அடிக்காது. நான் எப்டி பொருத்தம் பாப்பேன்னு உனக்குத் தெரியாதா? வண்டிக்கு முதுகு காட்டி, கண்ண மூடிகினு குந்துவேன். ஓட்டறவன ரோலர் மேல ஓட்ட வுட்டு, அவன் காலு கேப்பேன். ஒருத்தன் கால மெதிப்பான், ஒருத்தன் தடவுவான், ஒருத்தன் குத்துவான். சத்தத்துலயே தெரிஞ்சிடும். அந்தக் காலுக்கு எந்த வூடு ஆவுமோ அதத்தான் மாட்டுவேன். ரெஜிண்ணாவ எத்தினி தபா கூப்டேன்? வா, வந்து குந்து, காலு கேக்கணும்னு. ஆபீசு, கப்பலு, கஸ்டம்ஸுன்னு டபாய்ச்சிகினே கீறாரு. பைப்பு மாட்டின அப்பாலதான் வந்து குந்தறாரு. அப்பவும் பாதியில எதுனா ஒண்ணு புட்டுக்குது.

– வல்லரசு காலு எப்டி இருந்திச்சி?

– எண்ணெ ஊத்தற மாதிரி யக்கா. ஒரே சீரா எறக்குவான். வெச்சா வெச்சதுதான், நடுவுல எடுக்கவே மாட்டான். அப்டியாப்பட்ட காலுக்குத்தான் அந்த அவசரக்கார சின்ன வூட்ட குடுத்தேன். மத்தவனுக்கு அத குடுக்கக்கூடாது. லேசா கால எடுத்துட்டு திருப்பி மெதிக்கறவன் கைல அது மாட்டிச்சின்னா, மொத்த சக்தியும் ஒரே அடியா எறங்கி பின் டயரு ரெண்டும் வழுக்கிடும். வண்டி பம்பரம்தான்.

– பம்பரமாத்தான் சுத்திச்சி.

– அதான் எனக்கு இன்னிக்கு வரிக்கும் புரியல. எண்ணூர் ரோடு, காலை நேரம், மழை இல்ல, மண்ணு இல்ல. அவன் காலுக்கு அளவெடுத்து தெச்ச டர்போ. எப்டி சுத்திச்சி? ஒவ்வொரு நாளும் அந்த வூட்ட மனசுக்குள்ள கழட்டி மாட்டிகினே கீறேன். எங்க தப்பு பண்ணேன்னு தேடித் தேடி பைத்தியம் புடிச்சிடும் போல கீது. பெரிய வண்டி வேலையே வுட்டுட்டேன். லாரி டர்போதான் இப்ப.

– வசீமு.

– சொல்லு யக்கா.

– அன்னிக்கு புறா அடிச்சிச்சி.

– உனக்கு எப்டி தெரியும்? நீதான் அங்க இல்லியே. வூட்ல இருந்தேன்னு சொன்ன.

– வூட்லதான் இருந்தேன். போன்ல கேட்டேன்.

– போன்லயா?

– வஞ்சரம் வாங்கினு வான்னு சொல்றதுக்கு போன் போட்டேன். காசிமேடு தாண்டித்தான வரணும், அதான். எடுத்தான். எண்ணூர் ரோட்ல போய்கினு கீறேன், வர்றப்ப வாங்கறேன்னான். போன தபா மாதிரி ஐஸ்ல கெடந்தத வாங்கினு வந்து என் தலையில கட்டாதன்னு நான் கத்திகினு கீறேன். சிரிச்சான். பின்னாடி வண்டி வேகம் ஏற ஆரம்பிச்சது கேட்டுச்சி. மெதுவா, மெதுவான்னான். என்னத்தான் சொல்றான், நான் கத்தறத சொல்றான்னு நெனச்சி இன்னும் கத்தினேன். அப்பதான் புறா. ஒண்ணு. தோ, இன்னொண்ணு. அப்பால ஓங்கி ஒரு ஏத்தம். அப்பால லைன் கட்டு.

– அல்லாவே.

– அதுக்கப்பால எங்க வூட்ல வஞ்சரம் வாங்கறதில்ல.

– இத யாராண்டயும் சொல்லலியா?

– இன்னான்னு சொல்றது? ஓட்டிகினு இருந்தவனுக்கு நான் போன் போட்டு கத்தினேன்னா? பதட்டத்துல கால எடுத்துட்டான், என்னாலதான்னா? ரமாபாய் அத்தை டர்போவ கரிச்சிக் கொட்டறப்ப எல்லாம் நான் கம்முனு குந்திகினு இருந்தேன். உன் மேல போட்டாங்க, நான் தடுக்கல. இப்ப தெரிஞ்சிக்கோ.

– வுடு யக்கா. அழாத. வல்லரசு கால எடுக்கற ஆளே இல்ல. நீ போன்ல கத்தினா இன்னா, பக்கத்துல குண்டு வெடிச்சாலும் அவன் காலு அசையாது.

– அதான் எனக்கும் வெளங்கல. ஆனா காதுல கேட்டது கேட்டதுதான. அந்த சத்தத்தத்தான் இப்ப மறுபடியும் கேக்கறேன். அதே மாதிரியே கீது வசீமு. அதான் உன் ரூஹு பேச்சுக்கு எனக்கு சிரிப்பு வரல.

– அதே மாதிரின்னா? புறான்னா எல்லாம் படபடன்னுதான இருக்கும்.

– தெரியல. அன்னிக்கு போன்ல கேட்டேன், இங்க நேர்ல கேக்கறேன். ஒத்துப் பாக்கணும். எனக்கு ஒரு யோசனை. ரெஜி வரட்டும். வண்டிய ரோலர்ல இருந்து எறக்கிடலாம். பின்னாடி மூடிக் கெடக்கற கம்பெனி உள்ரோடு நீட்டா கீது, வாட்ச்மேன் பிரகாஷ் நம்ம ஆளு, கேட்ட தொறந்து வுடுவான். ரெஜி அங்க ஓட்டட்டும். போன வண்டியில வெச்சிட்டு ஓட்டச் சொல்றேன். நாம இங்கியே குந்திகினு, அன்னிக்கு கேட்டேனே, அதே மாதிரி போன்ல கேப்போம்.

– கேட்டு?

– அது அதே புறாவா இருந்தா, வல்லரசுதான் வந்து குந்திகீறான்னு நானே ஒத்துக்கறேன். வண்டி இந்த ஷெட்டத் தாண்டாது. ரேஸும் வாணாம், ரிஜிஸ்டர் ஆபீசும் வாணாம். செத்தவன் வாணான்னு சொல்றத மீறி நான் இன்னொருத்தன் உசுர பணயம் வெக்க மாட்டேன்.

– ரெஜிண்ணா ஒத்துக்குவாரா? கல்யாணத்துக்கு சட்டை தெச்சி வெச்சிகினு கீறாரு மனுஷன்.

– நல்லவன்தான் வசீமு. அன்னிக்கு வல்லரச வண்டியில இருந்து இஸ்து போட்டு, ரத்தத்தோட தோள்ல தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன். அப்பால இத்தினி வருஷமா அத்தைக்கு மாத்திரை வாங்கினு வர்றதுல இருந்து எல்லாம் அவன்தான். கலீஜா ஒரு பார்வை பாத்தது கெடையாது. அதனாலதான் சரின்னேன். அவன் நல்லவன்றதாலதான் பயப்படறேன்.

– தோ, வந்துட்டாரு. கண்ண தொடைச்சிக்கோ.

– இந்தா கிளாம்ப். டீ ஆறிப் போயிருக்கும், திட்டாதீங்க. கடைக்காரன் ரெண்டு சைஸ் குடுத்தான், எது சேருதோ போட்டுக்கோ வசீம். என்ன செங்கொடி, கண்ணெல்லாம் செவந்திருக்கு?

– பொகை. மணலி காத்து இந்தப் பக்கம் திரும்பிகீது. ரெஜி, இத மாட்டினதும் வண்டிய பின் ரோட்ல கொஞ்சம் ஓட்டிக் காட்டு. போன டேஷ்போர்டுல வெச்சிட்டு ஓட்டு. நான் இங்க இருந்து கேக்கறேன்.

– போன்லயா? எதுக்கு? ரோலர்லயே ஓட்டலாமே.

– ரோலர்ல காத்து அடிக்காது, ரோடு மாதிரி வராது. எனக்காக ஒரு தபா.

– நேரம் ஆயிட்டே இருக்கு. சாயங்காலம் ட்ரைலர் வந்துடும், வண்டியை ஏத்தணும்.

– ஒரே தபா ரெஜி. இது திருப்தியா இருந்தா நானே ஏத்தி வுடறேன்.

– சரிம்மா. உனக்கு எப்போ நான் முடியாதுன்னு சொல்லியிருக்கேன்? வசீம், ஆச்சா?

– ஆச்சிண்ணா. எண்ணெ ஊத்தியாச்சி, சொட்டு இல்ல. மொதல்ல கொஞ்சம் சூடு பண்ணிட்டு அப்பால ஏத்து.

– யக்கா, கெளம்பினவரு கேட்டத் தாண்டிட்டாரு. பிரகாஷு கைய ஆட்றான் பாரு.

– போன் அடிக்குது. இரு, ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லு ரெஜி.

– கேக்குதா செங்கொடி? கேட்டுக்கு உள்ளே வந்துட்டேன். ரோடு காலியா இருக்கு. ஒரு நாய் மட்டும்தான்.

– கேக்குது. நாய் போவட்டும். அப்பால ஏத்து. நான் பேச மாட்டேன், இங்க பேச்ச அமுக்கி வெச்சிடறேன். உன் வண்டி சத்தம் மட்டும்தான் எனக்கு வேணும்.

– உத்தரவு மேடம்.

– வசீமு, இப்ப நாம பேசறது அவனுக்குக் கேக்காது. நீ அப்டி திரும்பி குந்து. கண்ண மூடு. காலு கேக்கற மாதிரி கேளு.

– குந்திட்டேன். பிஸ்மில்லா.

– ஏத்தறான்.

– ம். நல்லாத்தான் ஏறுது. டர்போ முழிச்சிகிச்சி. விசிலு சுத்தமா கீது.

– தோ.

– இரு யக்கா. பேசாத. ஒண்ணு. இன்னொண்ணு. மெதி. ம். ம். இன்னொரு தபா ஏத்தச் சொல்லு.

– ரெஜி, சூப்பரா கீது. திரும்பி வந்து இன்னொரு தபா அதே மாதிரி ஏத்து.

– ஓகே. நீ சொன்னா பத்து தடவை.

– அமுக்கிட்டேன். கேளு வசீமு.

– அதேதான். ஒண்ணு, இன்னொண்ணு, ஓங்கி மெதி. யக்கா. யக்கா, பேயும் இல்ல பிசாசும் இல்ல. ரூஹும் இல்ல. என்ன செருப்பால அடி.

– இன்னாடா சொல்ற?

– காலு யக்கா. இது ரெஜிண்ணா காலு. அவரு ஏத்தறதுக்கு முன்னாடி அரை விரக்கடை கால எடுக்கறாரு. வைக்கறாரு. திருப்பி அரை விரக்கடை எடுக்கறாரு. அப்பால ஓங்கி மெதிக்கறாரு. கெணத்துல குதிக்கறவன் ரெண்டு தபா பின்வாங்கிட்டு குதிப்பான் பாரு, அது மாதிரி ஒரு பழக்கம். முழுசா எடுத்தா வால்வு தொறந்து காத்து வெளிய பூடும். அரை விரக்கடைக்கு வால்வு தொறக்காது. காத்து திரும்பி விசிறியில மோதுது, அதான் புறா. நீ அப்டி ஓட்ட மாட்ட, நான் அப்டி ஓட்ட மாட்டேன், அதான் நமக்கு வரல. டர்போ மேல தப்பு இல்ல, இன்ஜினு மேல தப்பு இல்ல. மொதல்லயே வந்து குந்தியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.

– பழக்கம்.

– ஆமா யக்கா. ஒவ்வொருத்தன் கையெழுத்து மாதிரி. சாவற வரிக்கும் மாறாது. பெரிய வூட்ட போட்டு, வால்வு ஸ்பிரிங்க கொஞ்சம் இளக்கிட்டா போதும், நாளைக்கு ராஜா மாதிரி ஓட்டிட்டு வருவாரு. நீ தைரியமா ரிஜிஸ்டர் ஆபீசுக்கு பூ கட்டச் சொல்லு. நான் லுப்னாவ இட்டுகினு வந்து பிரியாணி ஆக்கறேன். இன்னா யக்கா, சிரிக்க மாட்டேன்ற?

– செங்கொடி? எப்படி இருந்துச்சு? திரும்பி வரட்டுமா?

– வராத ரெஜி. அங்கியே ஓட்டிகினு இரு. இன்னும் கேக்கணும்.

– சரி, சரி. பெட்ரோல் தீந்துட்டா தள்ளிட்டுப் போக நீதான் வரணும்.

– யக்கா, எதுக்கு இன்னும்? அதான் தெரிஞ்சிப்போச்சே.

– அமுக்கிட்டேன், அவனுக்குக் கேக்காது. வசீமு, அன்னிக்கு போன்ல நான் கேட்டது இதான்.

– எது?

– இதேதான். ஒண்ணு, தோ இன்னொண்ணு, அப்பால ஓங்கி மெதி. இடைவெளி கூட மாறல. எத்தினி தபா எனக்குள்ளயே கேட்டுக் கீறேன், எனக்குத் தெரியாதா?

– அது எப்டி யக்கா? அன்னிக்கு ஓட்டினது வல்லரசு. அவன் காலு இப்டி இல்லியே.

– இல்லன்னுதான் நீயும் சொல்ற.

– தோ பாரு, மனச கலைச்சிக்காத. போன்ல கேட்டது. தெளிவா இருந்திருக்காது. நீ வேற கத்திகினு இருந்த.

– இருக்கலாம். நான்தான் பைத்தியம் மாதிரி எதையோ எதோட முடிச்சி போடறேன். அவன் வண்டியிலயே இல்லியே.

– அன்னிக்கு ரெஜிண்ணா எங்க இருந்தாராம்?

– பின்னாடி வந்துகினு இருந்தான். கண்ணெதிர வண்டி சுத்தி, கடலோரப் பாறையில மோதறத பாத்துட்டு, பைக்க அப்டியே ரோட்ல போட்டுட்டு ஓடி வந்து வல்லரச இஸ்தேன்னான். போலீசாண்ட அதான் சொன்னான். அத்தை கால்ல வுழுந்து அழுதப்பவும் அதான் சொன்னான். ஒரு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருப்பேன் தாயேன்னு.

– இத யாரும் என்னாண்ட சொன்னதே இல்லியே.

– உன்னத்தான் சாவு வூட்டு வாசல்லயே அத்தை தொரத்திடுச்சே. அதுக்கப்பால நீ எங்க வந்த, யாரு உன்னாண்ட பேசினாங்க?

– எந்த பைக்கு யக்கா?

– அவன்கிட்ட கீறது ஒண்ணுதான. அந்த பச்சை டேங்க் வெச்ச பழைய பைக்கு. ஏன் எழுந்துட்ட? இன்னா ஆச்சி உனக்கு?

– செங்கொடி? இன்னும் ஒரு ரவுண்டு போதுமா?

– வசீமு, வாயத் தொறந்து சொல்லு. இன்னா?

– அன்னிக்குக் காலையில செயின் மாத்தணும்னு அத என் கடையில வுட்டுட்டு ஷேர் ஆட்டோ ஏறிப் போனாரு யக்கா. எடுக்கறதுக்கு வந்ததே வல்லரசு காரியம் எல்லாம் முடிஞ்ச அப்பாலதான். அந்த பைக்கு அன்னிக்கு முழுக்க என் ஷட்டருக்குள்ளதான் நின்னுகினு இருந்திச்சி.